கூம்பில்லாத பாட்டுப் பெட்டி

தமிழிசைக் கருவிகளில் முதல் மரியாதை யாழுக்கு உரியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனுக்குரிய தகுதிகளை இளங்கோவடிகள் தனியாகவே எடுத்துச் சொல்கிறார். சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் ஒரு யாழ்ப் போட்டியை வைத்தே கதையை நகர்த்துகிறார். இத்தனை பெருமை இருந்தும், அந்தக் காலத்து யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ்நூல்’ வெளியிட்டபோது, அவர் பாட்டையும் உரையையும் கணக்கையும் வைத்துத்தான் யாழை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் ஒரே ஒரு யாழை வீட்டுப் பரணில் பத்திரப்படுத்தியிருந்தால் எவ்வளவு சந்தேகம் தீர்ந்திருக்கும்!

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் வீட்டில் பாடிய ஒரு கருவி, நம் கண்ணெதிரே அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. அதுதான் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி. சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் தட்டு சுழலும் மேடை, பக்கத்தில் சாவி, உள்ளே முள் வைக்கக் குட்டிக் கிண்ணம்.

ஸ்ரீராம்புரத்தில் பாத்திரக் கடை நடத்துகிறவன் நான். பழைய பித்தளையும் செம்பும் எடைக்கு வரும்போது, கூடவே வீட்டில் வேண்டாத சாமான்களும் வரும். அப்படி வந்ததில்தான் இந்தப் பெட்டிகள் எனக்குப் பழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளில் பதினொன்று சேர்த்திருக்கிறேன். சேர்த்ததில் கற்றதையும், இப்போது இவற்றுக்கு வந்திருக்கிற ஆபத்தையும் தமிழன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாய் மார்க்கும் கூம்பும்

எடிசன் 1877இல் வெள்ளீயத்தகடு சுற்றிய உருளையில் குரலைப் பதிந்து, முதன்முதலாக அதைத் திரும்பவும் ஒலிக்கச் செய்தார். எமில் பெர்லினர் 1887இல் உருளையை விட்டுவிட்டுத் தட்டையான வட்டுக்கு மாறினார். ஒரு அச்சிலிருந்து ஆயிரம் தட்டு அடிக்கலாம் என்பதால் வியாபாரம் வட்டின் பக்கம் சாய்ந்தது. 1899இல் பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர், ஒரு நாய் கூம்பின் வாயில் காது கொடுத்துக் கேட்கும் படத்தை லண்டன் கிராமபோன் கம்பெனிக்கு விற்றார். முதலில் அந்தப் படத்தில் இருந்தது உருளைக் கருவி. கம்பெனிக்காக அதன் மேல் வட்டுக் கருவியை வரைந்து கொடுத்தார். அதுவே நாம் ‘நாய் மார்க்’ என்று சொல்லும் எச்.எம்.வி. சின்னம்.

கிராமபோன் என்றால் பித்தளைக் கூம்பு என்று நம் மனதில் பதிந்துபோனது இந்த ஒரு படத்தால்தான் எனலாம். ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்குள் பாட்டைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு கூம்பில்லாத கைப்பெட்டிக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டியின் மூடிக்குள்ளும் இதே நாய்ப் படம் ஒட்டியிருக்கும். கூம்பே தெரியாத பெட்டியில் கூம்பின் படம்!

பெட்டிக்குள் மடிந்த கூம்பு

லண்டனில் இசைக்கருவி வியாபாரம் செய்த பார்னெட் சாமுவேல் கம்பெனி 1914இல் ‘டெக்கா’ என்ற பெயரில் கைப்பெட்டி கிராமபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு முதல் உலகப்போர் தொடங்கியது. சிப்பாய்கள் அதைப் பதுங்குகுழி வரை தூக்கிக்கொண்டு போனார்கள். எச்.எம்.வி. 1925இல் ‘101’ என்ற பெட்டியையும், 1931இல் ‘102’ என்ற பெட்டியையும் வெளியிட்டது. இந்த 102 சுமார் கால் நூற்றாண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. நம்மூர் வீடுகளில் இன்றும் அகப்படுவது பெரும்பாலும் இதுவே. கறுப்புதான் அதிகம். நீலம், சிவப்பு, பச்சையும் உண்டு.

கூம்பு எங்கே போனது என்று கேட்கலாம். எங்கும் போகவில்லை, பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டார்கள். முள் தட்டின் கோட்டில் ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வு ‘சவுண்ட் பாக்ஸ்’ எனும் வட்டச் சிமிழுக்குள் இருக்கும் மெல்லிய தகட்டை ஆட்டுகிறது. பழைய பெட்டிகளில் இந்தத் தகடு அப்பிரகம், பிந்தியவற்றில் அலுமினியம். தகடு எழுப்பும் ஒலி, குழாய்க் கை வழியாகப் போய் மடிந்த கூம்பில் விரிந்து வெளியே வருகிறது. மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம்.

ஓட்டுவது கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள்வில். சாவி முழுசாகக் கொடுத்தால் வில் வேகமாகத்தானே அவிழும், கடைசியில் தளருமே, பாட்டு மட்டும் எப்படி ஒரே சீராக வருகிறது? அதற்கு ‘கவர்னர்’ என்ற சிறு உறுப்பு இருக்கிறது. மூன்று மெல்லிய பட்டைகளில் மூன்று ஈயக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஒரு தகட்டை இழுக்கும், அது ஒரு தோல் துண்டில் உரசி வேகம் குறையும். இந்த ஏற்பாட்டால்தான் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றில் நிற்கிறது. நூறு வருஷம் ஆன மோட்டாரும் கிரீஸ் மாற்றினால் இன்றைக்கும் சரியாக ஓடும்.

தட்டில் ஏறிய குரல்கள்

கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தா வந்து பதிவு செய்தார். அந்தப் பதிவில் பெரும் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் தானே சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சானதால், அங்கே உள்ளவர்கள் யார் பாட்டு என்று அறிவதற்கு அது உதவியது. கர்நாடகத்தில் வாழும் நமக்கு ஒரு தொடர்பும் இதில் உண்டு. அந்த அம்மையார் 1928இல் மைசூர் சமஸ்தான வித்வாம்சினியாக வந்து, 1930 ஜனவரி 17 அன்று மைசூரிலேயே காலமானார். இந்தியத் தட்டு உலகின் முதல் நட்சத்திரம் மறைந்தது நாம் ரயிலில் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரில்!

1908இல் கல்கத்தா சியால்டாவில் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. 1928இல் அது டம்டமுக்கு வளர்ந்தது. தென்னாட்டில் முதலில் தட்டில் பாடத் துணிந்தவர்களில் பலர் பெண்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் தட்டுகள் ஊர் ஊராகப் போயின. கோயம்புத்தூர் தாயியின் பாட்டில் மனம் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டெலாஜ், அதைக் குரலுக்கும் பியானோவுக்குமாக மாற்றி ‘ராகமாலிகா’ என்றே பெயரிட்டார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல் பத்து வயதில் முதல் தட்டு பாடினார். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து தட்டுக்கு வந்தார்கள். முழு நாடகத்தையும் பல தட்டுகளில் பிரித்து ‘செட்’டாக விற்றதும் உண்டு.

காரைக்குடியில் தந்தையின் கடையில் கிராமபோன் தட்டு விற்ற இளைஞர் ஒருவர், 1930களில் சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ‘ஓடியன்’ தட்டுகளை வெளியிட்டார். அவர்தான் பிற்பாடு சினிமாவில் கோலோச்சிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். தேசியப் பாடல்களும் தட்டில் ஏறின, அவற்றில் சிலவற்றுக்கு வெள்ளைக்கார அரசு தடை போட்டது. நம் பெங்களூரில் வாழும் ஆய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ நூலில் இந்த வரலாறு விரிவாக உண்டு.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். இரவெல்லாம் பாடிப் பழகிய வித்வான்கள் இந்த மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனை, பல்லவி, அனுபல்லவி, சரணம் அத்தனையும் அடக்க வேண்டியிருந்தது. இன்றைக்குச் செல்போனில் அந்தப் பதிவைக் கேட்பவர், ஏன் இவ்வளவு அவசரமாகப் பாடுகிறார் என்று நினைப்பார். பெட்டியில் தட்டை வைத்து, முள் உள்வட்டத்தை நெருங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் பாடினவரின் நெருக்கடி புரியும். குரலைக் கம்ப்யூட்டரில் காப்பாற்றிவிடலாம், இந்த அனுபவத்துக்குக் கருவி வேண்டும்.

கரண்ட் வராத வீடுகள்

சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. 1905இல் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. ஊருக்குப் பெருமைதான். ஆனால் தங்கவயலின் லைன் வீடுகளிலும், பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் ஓட்டு வீடுகளிலும் மண்ணெண்ணெய் விளக்குதான் பல காலம் எரிந்தது. 1935இல் மைசூரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோதும், ரேடியோ வாங்கவும் வைக்கவும் எல்லாராலும் முடியவில்லை. கரண்ட் கேட்காத, தோளில் தொங்காமல் கையோடு வருகிற, ஊருக்குப் போகும்போது ரயிலில் சீட்டுக்கு அடியில் வைக்கக்கூடிய பாட்டு அந்தப் பெட்டிதான்.

தெருவில் ஒருவர் வைத்திருந்தால் போதும், பத்து வீடு கேட்கும். இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ‘சிந்தாமணி’ (1937), ‘ஹரிதாஸ்’ (1944) பாட்டெல்லாம் படம் பார்க்கிறதுக்கு முன்னாடியே மனப்பாடம், பெட்டி வச்சிருந்தவர் வீட்டுத் திண்ணையிலேதான் கத்துக்கிட்டோம். சாவி கொடுக்கிற உரிமை பெரிய பையனுக்கு, முள் மாற்றுகிற வேலை சின்னவனுக்கு. மொழி வேறான ஊரில் பிழைக்க வந்த ஜனங்களுக்குச் சொந்த ஊர்க் குரல் இப்படித்தான் வீட்டுக்குள் கேட்டது. புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு எழுதுகிறவர்கள் சங்கங்களையும் பள்ளிகளையும் கோயில்களையும் எழுதுகிறார்கள். அந்த வரிசையில் இந்தப் பெட்டிக்கும் ஒரு இடம் உண்டு என்பது என் கருத்து.

அரக்கும் அறமும்

தட்டு எதனால் ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. அதோடு கல்பொடி, பஞ்சுத்தூள், கரி சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் தட்டு. கல்பொடி சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: அது முள்ளைத் தேய்த்துக் கோட்டுக்குப் பொருத்தமாக்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று கணக்கு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஏப்ரலில், அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளின் அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் வெட்டியது. நம் சோட்டா நாகபுரிக் காட்டுப் பூச்சிக்கு உலகச் சந்தையில் அத்தனை மதிப்பு.

ஒரு கிலோ அரக்குக்கு ஐம்பதாயிரம் முதல் மூன்று லட்சம் பூச்சிகள் வரை என்பார்கள். சமணனாகிய எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. இல்லறத்தார் செய்யக்கூடாத தொழில்கள் பதினைந்து என்று சுவேதாம்பரர் போற்றும் உபாசகதசாங்கம் வரிசைப்படுத்துகிறது. யானைத் தந்தம், விஷம் இவற்றோடு அரக்கு வாணிகமும் அதில் உண்டு. அதனால் தட்டு வாங்கி விற்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன். யாராவது கொடுத்தால் காப்பேன். போன உயிர் போய்விட்டது. அதன்மேல் ஏறிய பாட்டையும் குப்பையில் போடுவது இன்னொரு வீண்.

பதினொன்றோடு நிறுத்தியதற்கும் இப்படி ஒரு காரணம்தான். இல்லறத்தாரின் ஐந்து விரதங்களில் கடைசியானது மிகுபொருள் விரும்பாமை. சேர்க்கிற பழக்கம் உள்ளவனுக்கு அந்த விரதமே பெரிய சோதனை. பன்னிரண்டாவது வந்தால் அதை எடுத்துக்கொள்வதில்லை. ரிப்பேர் செய்து அதே வீட்டில் இருக்கச் செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

புதுப் பித்தளைக் கூம்பு

இனி ஆபத்தைச் சொல்கிறேன். ஓட்டல் வரவேற்பறைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பளபளவென்று பித்தளைக் கூம்பு வைத்த கிராமபோன் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பழையவை அல்ல. வட நாட்டுப் பட்டறைகளில் சமீப காலத்தில் செய்யப்பட்டவை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த ‘இந்தியப் போலி’களைக் கண்டு எப்போதோ உஷாராகிவிட்டார்கள். கூம்பையும் மரப்பெட்டியையும் புதிதாகச் செய்துவிடலாம். ஆனால் சுருள்வில் மோட்டாருக்கும் சவுண்ட் பாக்சுக்கும் எங்கே போவது? பழைய கைப்பெட்டிகளைப் பிரித்து எடுக்கிறார்கள். அப்புறம் மிச்சமுள்ள பெட்டி எடைக்குப் போய்விடுகிறது. ஒரு பொய்க் கருவிக்காக ஒரு மெய்க் கருவி சாகிறது.

இதை நேரிலேயே பார்த்தேன். எங்கள் பேட்டையில் ஒரு அம்மா, மில்லில் வேலை பார்த்த மாமனாரின் 102 பெட்டியைக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, இதைக் கொடுத்துட்டுக் கூம்பு வச்சது ஒண்ணு எடுத்துக்கச் சொல்றார் ஒரு புரோக்கர். மேலே கொஞ்சம் பணம் போட்டாப் போதுமாம். ஷோகேஸ்ல அழகா இருக்கும்னு பிள்ளைங்க ஆசைப்படுதுங்க. அந்தப் பித்தளை எவ்வளவு பெறும்னு சொல்லுங்க” என்றார். படத்தை செல்போனில் காட்டினார். பித்தளையில் ஆயுள் கழித்தவன் நான். தகட்டின் மெலிவும், இதழ்களை ஒட்டிய பற்றாசின் புதுநிறமும் படத்திலேயே தெரிந்தன.

“பித்தளைக்கு எடை போட்டா ரொம்பத் தேறாதும்மா. இதைக் கொஞ்சம் கேளுங்க” என்று சொல்லி, மோட்டாரில் உறைந்துபோன கிரீஸை எடுத்துப் புதிது போட்டு, சவுண்ட் பாக்சில் இறுகிய ரப்பர் வளையத்தை மாற்றினேன். மறுநாள் வந்தபோது சாவி கொடுத்து ஒரு தட்டை வைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “எங்க மாமனார் இதைத்தான் பாடிக்கிட்டே இருப்பார். இது பொட்டியிலேர்ந்து வந்த பாட்டுன்னு எங்களுக்குத் தெரியாது” என்றார். பெட்டி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

சீவகன் ஆராய்ந்ததுபோல்

காந்தருவதத்தையின் போட்டியில் சீவகன் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை. கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் கிடந்த மரம், இது இடி விழுந்த மரம் என்று குற்றம் காட்டி விலக்கினான். கிராமபோன் வாங்க நினைப்பவர்களும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

எட்டுக் கோணப் பெட்டி, கண்ணைப் பறிக்கும் பித்தளைக் கூம்பு, முகப்பில் பெரிய நாய்ப் பட்டயம் மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கூம்பைத் தாங்கும் பின்கை கரடுமுரடாக வார்க்கப்பட்டிருந்தால் சந்தேகம் உறுதி. கைப்பெட்டியில் பார்க்க வேண்டியவை வேறு. சாவி கொடுக்கும்போது ‘தடக்’ என்று நழுவினால் வில் அறுந்திருக்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த கைகள் காலப்போக்கில் தானே விரிசல் விடும், அதை ஒட்ட முடியாது. வில் இருக்கும் டப்பியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், சீறி வெளியே வந்தால் விரலை அறுத்துவிடும்.

வீட்டில் பெட்டி உள்ளவர்களுக்குச் சில வார்த்தை. பக்கத்துக்குப் பக்கம் முள் மாற்றுங்கள். பாடி முடித்ததும் வில்லைத் தளரவிட்டு வையுங்கள். சவுண்ட் பாக்சின் கனம் நூறு கிராமுக்கு மேல் முள்ளில் இறங்கும், ஆகவே பிற்கால எல்.பி. தட்டை இதில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் பாழாகும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், கரைந்துவிடும். வெயிலில் வளையும், கீழே விழுந்தால் உடையும். நிறுத்தி அடுக்குவதே நல்லது.

நாம் செய்யக்கூடியது

இந்தத் துறையில் தனியாட்கள் செய்த தொண்டு பெரிது. பம்பாயில் 1990இல் இந்தியத் தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரக்கணக்கான தட்டுகளைத் திரட்டினார். கோட்டயம் பக்கம் பிளாசனால் என்ற சிற்றூரில் சன்னி மாத்யூ என்பவர் 2015இல் தம் வீட்டோடு ஒரு கிராமபோன் அருங்காட்சியகமே திறந்தார். ஒரு கேரளத்துக் கிராமத்தில் முடிந்தது, இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழும் பெங்களூரில் முடியாதா?

கட்டடம் கேட்கவில்லை. சங்கத்து நூலகத்தில் ஒரு அலமாரி போதும். முதலில் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். ஸ்ரீராம்புரம், ஓக்கலிபுரம், அல்சூர், தங்கவயல் வீடுகளில் எத்தனை பெட்டி இருக்கிறது, யார் வாங்கினார், எந்த வேலையில் இருந்தார், எந்தத் தட்டு கேட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். வாங்கினவர்களின் பிள்ளைகளே எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்த வருஷமே கேட்டாக வேண்டும். பெட்டிகளை மாதம் ஒருமுறை ஓடவிட்டு, இளையவர்களைச் சாவி கொடுக்கச் சொல்லலாம். அப்படி ஒரு அலமாரி அமைந்தால் என்னிடம் உள்ள பதினொன்றையும் விலையில்லாமல் அங்கே வைக்கச் சித்தமாயிருக்கிறேன். எனக்குப் பிறகு அவை பிரிந்து பிரிந்து எங்கெங்கோ கூம்புக்குள் போய்ச் சேரக்கூடாது என்பதே என் கவலை.

யாழுக்கு நேர்ந்ததற்கு நாம் பொறுப்பில்லை. இந்தப் பெட்டிக்கு நேரப்போவதற்கு நாம்தான் பொறுப்பு. இந்த மலரைப் படிக்கிற அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கறுப்பு சூட்கேஸ் ஒன்று இருந்தால், விற்பதற்கு முன் ஒரே ஒரு தடவை சாவி கொடுத்துக் கேளுங்கள்.